ஆண்டின் விருப்பத் தமிழ் ஆல்பங்கள்: பட்டியல் போடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினாலே இசை ரசிகர்களிடையே பேச்சு ஆரம்பித்துவிடும்: இந்த வருஷம் உனக்குப் பிடித்த பத்து ஆல்பம் எது? பதில் சொல்வது சுலபம். யோசித்து, கேட்டு, பொறுப்பாகச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்த வேலையில் வரும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை. தமிழ்த் திரைப்பட ஆல்பங்களையும் தனியிசையையும் வைத்தே பேசுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் 2024-ஐச் சேர்ந்தவை. பட்டியல் போடுபவரைக் குழப்பும் விஷயங்களில் முக்கால்வாசி அந்த ஒரே வருஷத்தில் வந்து நின்றன.

டிசம்பரில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் என்ன குறை?

கடைசி மூன்று மாதத்து ஆல்பங்களே பாதிப் பட்டியலை அடைத்துக்கொள்ளும். 2024-ஐ நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு அக்டோபர் கடைசியில் வந்த ‘அமரன்’ உடனே ஞாபகம் வந்திருக்கும். பொங்கலுக்கு வந்த ‘கேப்டன் மில்லர்’ அந்த வருஷமா, முந்தின வருஷமா என்றே பலர் தடுமாறியிருப்பார்கள்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ரீல்ஸில் முப்பது வினாடி ஓடிய பல்லவி மட்டும் மனதில் நிற்கும். அந்தப் பாட்டின் சரணத்தை ஒருமுறைகூட முழுதாகக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் “அந்த ஆல்பம் எனக்குத் தெரியும்” என்ற எண்ணம் வந்துவிடும். ஜனவரி முதல் வாரத்திலேயே ஒரு ஷீட்டைத் திறந்து, கேட்கக் கேட்க எழுதி வைத்தால்தான் இந்த இரண்டையும் தவிர்க்க முடியும்.

ஷீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஆல்பத்தின் பெயர், இசையமைப்பாளர், பாடலாசிரியர்கள், முழு ஆல்பம் வெளியான தேதி, பாடல் எண்ணிக்கை, மொத்த நிமிடம். அடுத்து முதல், இரண்டாம், மூன்றாம் முறை கேட்ட தேதிகளுக்கு மூன்று கட்டங்கள். கடைசியில் ‘தாண்டிய பாட்டு’ என்று ஒன்றும், ஒரு வரிக் குறிப்புக்கு ஒன்றும்.

நட்சத்திரமோ மதிப்பெண்ணோ போட இடம் வைக்காதீர்கள். பிப்ரவரியில் போடும் எட்டும் நவம்பரில் போடும் எட்டும் ஒரே எட்டாக இருக்காது. வருஷ ஆரம்பத்தில் கை தாராளமாக இருக்கும், போகப் போக இறுகும். “இரண்டாவது சரணத்தில் நாகஸ்வரம் நுழையும் இடம்” என்று எழுதி வைத்த ஒரு வரி, பத்து மாதம் கழித்துப் படித்தாலும் அந்தப் பாட்டை அப்படியே காதுக்குக் கொண்டுவரும்.

எத்தனை ஆல்பம் கேட்டால் போதும்? வேலைக்குப் போகிறவர்களால் முடியுமா?

முடியும். தமிழில் ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல் படங்கள் வருகின்றன, எல்லாவற்றையும் கேட்க யாராலும் ஆகாது. அறுபது ஆல்பங்களை ஒருமுறையாவது கேட்டிருந்தால் ‘டாப் 10’ என்று சொல்ல ஓரளவு உரிமை உண்டு.

கணக்கு இப்படி: ஐந்து பாட்டு, பாட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் ஒரு ஆல்பத்துக்கு 20 நிமிடம். அறுபது ஆல்பத்துக்கு 20 மணி நேரம். அதில் தேறும் 25 ஆல்பங்களை இன்னும் இரண்டு முறை கேட்டால் சுமார் 17 மணி நேரம். மொத்தம் 37 மணி, அதாவது வாரத்துக்கு முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காபியோடு முடிகிற வேலைதான். நான்கு வாரம் விட்டுவிட்டால் மட்டும் பாக்கி மலைபோலச் சேர்ந்துவிடும்.

அந்த அறுபதையும் பெரிய நடிகர்களின் படங்களாலேயே நிரப்பிவிடாதீர்கள். இருபது இடமாவது பெயர் தெரியாத படங்களுக்கும் புது இசையமைப்பாளர்களுக்கும் ஒதுக்குங்கள். பட்டியலைப் படிப்பவருக்கு உண்மையில் பயன்படுவது அந்தப் பகுதிதான்.

எதை ஆல்பம் என்று கணக்கில் கொள்வது?

குறைந்தது நான்கு வெவ்வேறு பாட்டு, அல்லது மொத்தம் 20 நிமிடம். இரண்டில் ஒன்று இருந்தால் ஆல்பம். கரோக்கி, இன்ஸ்ட்ருமென்டல், லோஃபை (மந்தமாக, மெல்லிய சத்தத்தில் மாற்றிய வடிவம்), வேகம் குறைத்த வடிவம் இவற்றை எண்ணாதீர்கள். தளத்தில் ‘12 பாடல்கள்’ என்று காட்டும், திறந்து பார்த்தால் நான்கு பாட்டும் அவற்றின் மறுவடிவங்களும் இருக்கும். வேறு பாடகர், வேறு வாத்தியக் கோர்வை, வேறு வரிகள் என்று நிஜமாகவே மாறியிருக்கும் மறுவடிவத்தை மட்டும் தனிப் பாட்டாக எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டு ஒரு வருஷம், படம் இன்னொரு வருஷம் வந்தால் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அதிகம் சண்டை நடக்கும் இடம் இது. ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால் பிரச்சினை இல்லை: முழு ஆல்பமும் கேட்கக் கிடைத்த தேதிதான் கணக்கு. படம் எப்போது வந்தது என்பதைப் பார்க்க வேண்டாம், முதல் சிங்கிள் எப்போது வந்தது என்பதையும் பார்க்க வேண்டாம்.

அனிருத்தின் ‘பேட்ட’ பாடல்கள் 2018 டிசம்பரில் வந்தன. படம் 2019 ஜனவரி 10. ஆகவே அது 2018. ஜி.வி. பிரகாஷ் குமாரின் ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2009 நடுவிலேயே பாடல்களாக வந்துவிட்டது, படம் வந்ததோ 2010 பொங்கலுக்கு. அது 2009. ரஹ்மானின் ‘அயலான்’ இன்னும் சிக்கல். ‘வேற லெவல் சகோ’ 2021 பிப்ரவரியில் தனியாக வந்தது, பாடல் வெளியீட்டு விழா 2023 டிசம்பர் கடைசியில், படம் 2024 ஜனவரி 12. நம் விதிப்படி 2023.

இந்த விதி தள்ளாடும் இடமும் உண்டு. ‘எனை நோக்கி பாயும் தோட்டா’ படத்தின் ‘மறுவார்த்தை’ 2017 புத்தாண்டு அன்று வந்தது. இசையமைப்பாளர் பெயரை மறைத்து ‘மிஸ்டர் எக்ஸ்’ என்றே போட்டிருந்தார்கள். அவர் தர்புகா சிவா என்பது பிறகுதான் வெளியானது. படம் திரைக்கு வந்தது 2019 நவம்பர் 29. ஊரே அந்தப் பாட்டைக் கேட்டுத் தேய்த்தது 2017-ல். இப்படிப்பட்ட பாட்டுக்கு ‘ஆண்டின் பாடல்கள்’ என்று தனிப் பட்டியல் வைத்து அதில் 2017-லேயே இடம் கொடுங்கள். ஆல்பத்தை ஆல்பக் கணக்கில் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு பாட்டுக்காக ஆல்ப விதியை வளைத்தால் அடுத்தடுத்து வளைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

தளத்தில் காட்டும் ஆண்டை நம்பலாமா?

புது ஆல்பங்களுக்குப் பெரும்பாலும் நம்பலாம், பழையவற்றுக்குக் கூடாது. எண்பதுகளின் ஆல்பம் ஒன்றை நிறுவனம் டிஜிட்டலில் ஏற்றிய வருஷமே வெளியீட்டு வருஷமாகப் பல இடங்களில் நிற்கும். புதியவற்றில் நடக்கும் தவறு வேறு மாதிரி: தனித்தனியாக வந்த சிங்கிள்களை ஆல்பத்தில் சேர்த்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி வந்துவிடும். சரிபார்க்க, ஆல்பப் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் ‘பி’ என்று இருக்கும் குறியின் பக்கத்து ஆண்டைப் பாருங்கள், அது ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு. கூடவே இசை நிறுவனத்தின் யூடியூப் பக்கத்தில் ‘ஜூக்பாக்ஸ்’ (எல்லாப் பாட்டையும் சேர்த்த ஒரே வீடியோ) ஏறிய தேதியையும் பாருங்கள். முழு ஆல்பம் எப்போது கிடைத்தது என்பதற்கு அதுவே நல்ல சாட்சி.

பின்னணி இசையைச் சேர்க்கலாமா?

தனிப் பட்டியலில் சேருங்கள். பாடல் ஆல்பம் படத்துக்கு முன்னால் வருகிறது, பின்னணி இசைத் தொகுப்பு வாரங்களோ மாதங்களோ கழித்து வருகிறது, சில படங்களுக்கு வருவதே இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த, தெருக்கூத்துக் கலைஞர்களைப் பற்றிய ‘ஜமா’வில் இளையராஜாவின் வேலையைப் பாட்டை மட்டும் வைத்து எடைபோட்டால் பாதிகூடத் தெரியாது, காட்சிகளுக்கு அடியில் ஓடுவதைக் கேட்க வேண்டும். அதே ஆகஸ்டில் வந்த ‘கொட்டுக்காளி’யில் பின்னணி இசையே கிடையாது. காற்றும் வண்டிச் சத்தமும் சேவலும்தான். இசை ரசிகர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் அது, இசை எங்கே தேவை, எங்கே தேவையில்லை என்பது அதைப் பார்க்கும்போது புரியும்.

ஐந்து மொழியில் வரும் ஆல்பங்களை என்ன செய்வது?

எந்த மொழியில் மெட்டுக்கு முதலில் வரி எழுதப்பட்டதோ அதைக் கேளுங்கள். தமிழில் எழுதப்பட்டதா, டப்பிங் வரியா என்று கண்டுபிடிக்க எளிய வழி குறிலும் நெடிலும். மெட்டில் சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் ‘விடு’ என்று எழுதிவைத்தால் பாடகர் வாயில் அது ‘வீடு’ ஆகிவிடும். ‘கலை’ ‘காலை’ ஆகும், ‘படம்’ ‘பாடம்’ ஆகும். மெட்டின் தத்தகாரத்தை (‘தன்னான தன’ என்று வரும் குறில் நெடில் அமைப்பை) தெரிந்து எழுதிய பாட்டில் இந்த இழுவை அபூர்வம். ஒரு பாட்டில் இது மூன்று இடத்துக்கு மேல் வந்தால் குறிப்பில் எழுதுங்கள். ல, ள, ழ குழறுவதையும் சேர்த்தே எழுதுங்கள். தமிழ் ஆல்பத்தைத் தமிழ்க் காதால் எடைபோடும்போது இதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாது.

போனில் கேட்டால் போதுமா? என்ன செட்டிங் வைப்பது?

போன் போதும். செட்டிங்தான் முக்கியம், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை ஆன் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் ஆடியோ நார்மலைசேஷன் என்றும் ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் என்றும் இருக்கும். முன்னது வழக்கமான நிலையில் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கும், பின்னது மைனஸ் 16 அளவுக்கும் கொண்டுவரும். காரணம் இதுதான்: ஒரே பாட்டை ஒரு டெசிபல் சத்தமாக வைத்தாலே நம் காதுக்கு அது ‘இன்னும் நல்லா இருக்கு’ என்று படும். குத்துப் பாட்டுகளை அழுத்திச் சத்தமாக மிக்ஸ் செய்திருப்பார்கள், மெல்லிய பாட்டுகளுக்கு மேடு பள்ளம் விட்டிருப்பார்கள். சமப்படுத்தாமல் ஒப்பிட்டால் சத்தமானது ஜெயித்துவிடும். ஒரு ஆல்பத்தை ஸ்பாட்டிஃபையிலும் இன்னொன்றை ஆப்பிளிலும் கேட்டு ஒப்பிடுவதும் இதனாலேயே சரிவராது.

அடுத்து தரம். ‘ஆட்டோமேட்டிக்’ என்று விட்டுவைத்தால் சிக்னல் குறைந்த இடத்தில் தரமும் தானாக இறங்கிவிடும். ஹைஹாட்டும் ஜால்ராவும் சலசலவென்று தண்ணீர் சத்தம்போலக் கேட்டால் அதுதான் நடக்கிறது, இசையமைப்பாளரைக் குறை சொல்லாதீர்கள். 320 கேபிபிஎஸ்ஸில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 2.4 எம்பி, 20 நிமிட ஆல்பத்துக்கு 48 எம்பிதான் ஆகும். சாதாரண ப்ளூடூத் இயர்போன் எப்படியும் ஒலியை இன்னொரு முறை சுருக்கி அனுப்பும் என்பதால் ஒருமுறையாவது வயர் உள்ள இயர்போனில் கேளுங்கள்.

ஷஃபிள், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் ஆரம்பத்தோடு கலப்பது), ஈக்வலைசர், ஆட்டோபிளே நான்கையும் ஆஃப் செய்யுங்கள். ஆட்டோபிளேயை மறக்கவே கூடாது. ஆல்பம் முடிந்ததும் அதே ஜாடையில் வேறு படத்துப் பாட்டு தொடர்ந்து ஓடும், இரண்டு நாள் கழித்து அதையும் இந்த ஆல்பத்தின் பாட்டாகவே நினைத்துக்கொண்டிருப்போம்.

பாட்டில் பாதி வாத்தியம் காணாமல் போனதுபோல் இருந்தால் இரண்டு காதிலும் ஒலி தனித்தனியாக வருகிறதா என்று பாருங்கள். போனின் அணுகல்தன்மைப் பகுதியில் ‘மோனோ ஆடியோ’ ஆன் ஆகியிருக்கலாம். டால்பி அட்மாஸ் என்பது ஒலி நம்மைச் சுற்றிலும் கேட்கும்படி தனியாகச் செய்யப்பட்ட வேறு மிக்ஸ், சிலவற்றில் குரல் பின்னுக்குப் போய்விடும். எல்லா ஆல்பத்தையும் ஸ்டீரியோவிலேயே கேட்டு ஒப்பிட்டு, அட்மாஸைப் பிறகு ரசனைக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் பார்ப்பதற்கு முன் கேட்பதா, பின் கேட்பதா?

முடிந்தால் ஒருமுறை முன், ஒருமுறை பின். படம் பார்த்தபின் பாட்டுக்குள் காட்சி ஏறிவிடும், அதற்குப் பிறகு வெறும் பாட்டாக அதைக் கேட்க முடியாது. காட்சி ஏறுவதால் உயரும் பாட்டு உண்டு. ‘வாழை’யின் ‘பாதவத்தி’ அப்படி ஒன்று, வாழைத்தார் சுமந்தவர்களின் லாரி கவிழ்ந்த கதையோடு கேட்கும்போது அந்த ஒப்பாரி வேறு கனத்தில் வந்து இறங்குகிறது. ஷீட்டில் ‘மு’, ‘பி’ என்று ஒரு எழுத்துப் போட்டு வைத்தால் எது பாட்டின் பலம், எது படத்தின் பலம் என்று பின்னால் பிரித்துப் பார்க்கலாம்.

மூன்று முறை கேட்க வேண்டும் என்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் எதைக் கவனிப்பது?

முதல் முறை ஒன்றையும் கவனிக்க வேண்டாம். வரிசைப்படி, நிறுத்தாமல், தாண்டாமல் கேளுங்கள். கை தானாகத் தாண்டப் போன இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை ஒரு வாரத்துக்குள், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. பல்லவி பிடித்திருந்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு அனுபல்லவி, சரணம், இடையிசை ஆகியவற்றுக்குப் போங்கள். இப்போது பல பாட்டுகளில் இரண்டாவது சரணமே இல்லை, பல்லவியையே மூன்று முறை திருப்பி முடித்துவிடுகிறார்கள். இரண்டாவது சரணம் இருந்து, அதில் முதலாவதில் இல்லாத ஏதோ ஒன்று நடந்தால் அந்த இசையமைப்பாளர் பாட்டின் மேல் அக்கறையோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

மூன்றாம் முறை இரண்டு வாரமாவது இடைவெளி விட்டு, வேறு இடத்தில்: பஸ்ஸில், சமையலறையில், காரில். இந்த இடைவெளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முதல் நாள் பிரமாதமாகத் தெரிந்த ஆல்பங்களில் கணிசமானவை இங்கே வடிந்துவிடும். முதலில் சப்பென்று இருந்த ஒன்றிரண்டு மெல்ல எழுந்து வரும். அப்படி எழுந்து வருபவையே பெரும்பாலும் பட்டியலின் மேல் பாதியில் போய் உட்காரும்.

அதிகம் கேட்ட ஆல்பம்தானே பிடித்த ஆல்பம்? ஆப் தரும் கணக்கை எடுத்துக்கொண்டால் என்ன?

துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினாலே ஒரு கேட்பு. நாம் கேட்பதைக் கணக்கு வைக்கும் லாஸ்ட் எஃப்எம் தளத்தில் பாதிப் பாட்டு அல்லது நான்கு நிமிடம் ஓட வேண்டும். அதனால் இரண்டிலும் எண்ணிக்கை ஒத்துப்போகாது. ஸ்பாட்டிஃபை ஆண்டுக் கடைசியில் தரும் ‘ராப்ட்’ கணக்கு நவம்பர் நடுப்பகுதியோடு நின்றுவிடும், அதற்குப் பிறகு வந்தவை அதில் இருக்காது. பிள்ளைகளைத் தூங்கவைக்க ஓடியது, ஜிம்மில் ஓடியது, மற்றவர் உங்கள் போனில் கேட்டது எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

கடைசியில் இடம் ஒதுக்குவது எப்படி?

25 ஆல்பங்களை ஒவ்வொன்றாக மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 300 ஒப்பீடு ஆகும், மண்டை காய்ந்துவிடும். இப்படிச் செய்யுங்கள். முதலில் சந்தேகமே இல்லாத மூன்றை வரிசைப்படுத்துங்கள். நான்காவதை எடுத்து நடுவில் இருப்பதோடு மட்டும் ஒப்பிடுங்கள். மேலா, கீழா? மேல் என்றால் மேல் பாதியின் நடுவோடு மறுபடி. பத்து ஆல்பம் இருக்கும் வரிசையில்கூட நான்கு ஒப்பீட்டுக்குள் புதியதன் இடம் தெரிந்துவிடும்.

ஒப்பிடும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இன்று இரவு இரண்டில் ஒன்றை மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்கலாம் என்றால் எதை எடுப்பேன்? ‘எது முக்கியமானது’, ‘எது சாதனை’ என்று போனால் பெயருக்குப் பயந்து வாக்களிக்க ஆரம்பித்துவிடுவோம்.

கூடவே ‘தாண்டிய பாட்டு’ கட்டத்தைப் பாருங்கள். ஐந்து பாட்டில் இரண்டைத் தாண்டியிருந்தால் அது முதல் ஐந்து இடத்துக்கு வர வேண்டாம், மீதி மூன்றும் எவ்வளவு பெரிய ஹிட்டாக இருந்தாலும். ஒரு அபார பாட்டும் நான்கு ஒப்பேற்றலும் உள்ள ஆல்பத்தைப் பாடல் பட்டியலில் கௌரவித்தால் போதும்.

பழைய பாட்டு புதுப் படத்தில் வந்து ஹிட்டானால்?

ஆல்பக் கணக்கில் வராது. 2024-ல் ‘லப்பர் பந்து’ வழியாக ‘நீ பொட்டு வச்ச’ பாட்டு மறுபடி தெருவெங்கும் ஒலித்தது. அது 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு. மலையாளத்து ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ 1991-ன் ‘குணா’விலிருந்து ‘கண்மணி அன்போடு’ பாட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது. இரண்டும் இளையராஜாவுடையவை. ‘லப்பர் பந்து’வுக்கு ஷான் ரோல்டன் சொந்தமாகச் செய்த பாட்டுகளை மட்டும் வைத்து அந்த ஆல்பத்தை எடைபோடுங்கள். பழைய பாட்டு தந்த பரவசத்தைப் புது ஆல்பத்தின் பெயரில் எழுதினால் இரண்டு பேருக்குமே நியாயம் செய்யவில்லை.

செயற்கை நுண்ணறிவில் உருவான குரல் உள்ள பாட்டை எப்படிப் பார்ப்பது?

மறைந்த பாடகர்களின் குரலோடு 2024-ல் மூன்று பெரிய பாட்டுகள் வந்தன. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிரி எழுடா’வில் பம்பா பாக்யாவும் ஷாகுல் ஹமீதும். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்தே பயன்படுத்தியதாக ரஹ்மான் அப்போது சொன்னார். ‘கோட்’ படத்தின் ‘சின்ன சின்ன கண்கள்’ பாட்டில், அந்த ஜனவரியில் மறைந்த பவதாரிணி, தம்பி யுவன் இசையில். ‘வேட்டையன்’ படத்தின் ‘மனசிலாயோ’வில் மலேசியா வாசுதேவன், அவர் மகன் யுகேந்திரனும் அதே பாட்டில் பாடியிருக்கிறார்.

நம் கருத்து: ஆல்பத்தைத் தள்ளிவைக்க வேண்டாம், ஆனால் குறிப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும். ‘மலேசியா வாசுதேவன் பாடியது’ என்று எழுதாமல் ‘மலேசியா வாசுதேவனின் குரலை மென்பொருளில் உருவாக்கியது’ என்று எழுதுங்கள். மூச்சு எடுக்கும் இடம், சொல்லின் கடைசியில் குரல் தளரும் விதம் இரண்டையும் கூர்ந்து கேளுங்கள். அசல் வாசுதேவனின் எண்பதுகளின் பாட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று காதே சொல்லிவிடும். இதில் சிறந்த பாடகருக்கான இடத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

தனியிசையைத் திரைப்பட ஆல்பங்களோடு ஒரே பட்டியலில் வைக்கலாமா?

வைக்கலாம், வைக்கவும் வேண்டும். சிக்கல் என்னவென்றால் தமிழ்த் தனியிசையில் சிங்கிள்கள்தான் அதிகம். 2024-ல் சாய் அபயங்கரின் ‘கட்சி சேர’, ‘ஆச கூட’ இரண்டும் எங்கும் ஒலித்தன, ஆனால் இரண்டும் தனித்தனிப் பாட்டு. அவை பாடல் பட்டியலுக்கு. முழு ஆல்பமாக வருபவற்றைத் தேடிப் போய்ப் பிடிக்க வேண்டும். மார்கழிக் கச்சேரிகளை இதில் கலக்க வேண்டாம், அவை நேரில் கேட்பவை, இரண்டு ஆண்டுக்குள்ளும் கால் வைத்து நிற்பவை.

ஒவ்வொரு ஆல்பத்துக்கும் என்ன எழுதுவது?

அறுபது முதல் எண்பது வார்த்தை போதும். முதல் வரியில் யார் யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். பாடலாசிரியர் பெயரை விடாதீர்கள். ஆப்பில் பாட்டின் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் கிரெடிட்ஸ் வரும். அங்கே இல்லையென்றால் யூடியூப் விவரப் பகுதியில் பாடகர், கோரஸ், வாத்தியக் கலைஞர்கள், மிக்ஸிங் வரை இருக்கும்.

‘மனதை வருடுகிறது’, ‘தெறி மாஸ்’, ‘வேற லெவல்’ இவற்றை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டலாம், அதனால் எழுதிப் பயனில்லை. ‘ராயன்’ படத்தின் ‘வாட்டர் பாக்கெட்’ பற்றி “செம குத்து” என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதிப் பாருங்கள்: “கானா காதர் வரிகளை, தானே இசையமைப்பாளரான சந்தோஷ் நாராயணன் ரஹ்மானுக்காகப் பாடுகிறார். கரடுமுரடான அவர் குரலுக்குப் பக்கத்தில் ஸ்வேதா மோகனின் தேர்ந்த குரல் தெருப் பேச்சுக்கு இறங்கி வருகிறது. அந்த இரண்டு குரலுக்கும் உள்ள தூரம்தான் பாட்டின் சுகம்.” படிப்பவர் உடனே போய்க் கேட்பார். குறிப்புக்கு அதைவிட வேறு வேலை இல்லை.

சரி, இந்த முறைப்படி 2024-க்கு எந்த ஆல்பங்கள் மேலே வருகின்றன?

முதலிடம் ‘மெய்யழகன்’, கோவிந்த் வசந்தா. சொந்த ஊரையும் வீட்டையும் விட்டுப் போனவனின் கதைக்கு, வழுவழுப்பான இளங்குரலைத் தேடாமல் கமல்ஹாசனைப் பாட வைத்தது அந்த வருஷத்தின் மிகச் சரியான முடிவு. ‘போறேன் நா போறேன்’ பாட்டில் வயது ஏறிய அந்தக் குரலின் சொரசொரப்பு, காலி செய்த வீட்டின் சுவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கிறது. தாண்ட வேண்டிய பாட்டு ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது ‘வாழை’, சந்தோஷ் நாராயணன். மேலே சொன்ன ‘பாதவத்தி’ ஒன்றுக்காக மட்டும் இந்த இடம் இல்லை, ஊரின் விளையாட்டும் வேலையும் சாவும் ஒரே மண்ணின் சத்தமாக இணைந்து நிற்பதற்காக. மூன்றாவது ரஹ்மானின் ‘ராயன்’. ரஹ்மானும் தனுஷும் சேர்ந்து பாடிய ‘அடங்காத அசுரன்’ கூட்டத்துக்கு என்றால், கானவ்யா பாடிய ‘ஓ ராயா’ தனிமைக்கு.

அதே கானவ்யாதான் நான்காவது இடத்திலும். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி. 2024-ல் இரண்டு ஆல்பங்கள் கொடுத்தார், நவம்பரில் வந்த ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’ இரண்டாவது. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ஜாஸும் நம் நாமசங்கீர்த்தனமும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பாடுவதுபோன்ற இசை. ஐந்து நிமிடத்தில் பிடிபடாது. இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முழுதாகக் கேளுங்கள்.

ஐந்தும் ஆறும் ஜி.வி. பிரகாஷ் குமாருடையவை, ‘தங்கலான்’, ‘அமரன்’. ‘அமரன்’ படத்தில் கார்த்திக் நேத்தா எழுதி ஹரிசரணும் ஸ்வேதா மோகனும் பாடிய ‘ஹே மின்னலே’ போன்ற மெல்லிசையும், ‘தங்கலான்’ படத்தில் உமாதேவி எழுதி சிந்தூரி விஷால் பாடிய ‘மினிக்கி மினிக்கி’யும் ஒரே ஆளின் கையிலிருந்து சில மாத இடைவெளியில் வந்தன என்பதே கவனிக்க வேண்டியது. ஆல்பமாகத் துணிச்சல் அதிகம் ‘தங்கலான்’ பக்கம், அதனால் அது ஒரு படி மேலே.

நண்பர்கள் குழுவாகச் சேர்ந்து ஒரே பட்டியல் போட முடியுமா?

ஒவ்வொருவரும் பத்து ஆல்பத்தை வரிசைப்படுத்தி அனுப்பட்டும். முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9, பத்தாவதுக்கு 1 என்று கூட்டுங்கள். ஒரே ஒருவர் பட்டியலில் மட்டும் இருக்கும் ஆல்பம் பொதுப் பட்டியலுக்கு வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ஒரு தீவிர ரசிகரின் பத்துப் புள்ளி மூவரின் மூன்று மூன்று புள்ளியை முந்திவிடும். சமநிலை வந்தால் அதிகப் பட்டியல்களில் உள்ளது மேலே. அதிலும் சமம் என்றால் அதிக முதலிடம் பெற்றது மேலே. அனுப்பும்வரை யாருடைய வரிசையும் மற்றவருக்குத் தெரியக் கூடாது. முதலில் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் பின்னால் வருபவர்கள் பாதி அதைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள். ஐந்து பேருக்குக் குறைந்தால் இந்தக் கணக்கு வேண்டாம், பேசியே முடிவெடுங்கள்.

பிளேலிஸ்ட்டும் போட வேண்டுமா?

போட்டால் நல்லது. ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு, மொத்தம் இருபது, சுமார் 80 நிமிடம். ஒன்று ஊரறிந்த பாட்டாகவும் இன்னொன்று அதிகம் கவனிக்கப்படாததாகவும் இருக்கட்டும். ஆனால் பிளேலிஸ்ட்டை மட்டும் நம்பிப் பட்டியலை விட்டுவிடாதீர்கள். உரிமம் கைமாறினால் பாட்டு சாம்பல் நிறமாகி ஓடாமல் நிற்கும், சில சமயம் பெயரே மறைந்துவிடும். ஆல்பம், இசையமைப்பாளர், ஆண்டு மூன்றையும் எழுத்தாக ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது வெளியிடுவது? பிறகு மனது மாறினால்?

ஜனவரி 10-க்கும் 15-க்கும் இடையில். டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியிட்டால் கடைசி மாதத்து ஆல்பங்களுக்கு இடமே இருக்காது. 2024-ல் ‘விடுதலை பாகம் 2’ படம் திரைக்கு வந்ததே டிசம்பர் 20. மூன்று முறை, இரண்டு வார இடைவெளி என்ற விதியை அதற்கும் பொருத்த வேண்டுமென்றால் ஜனவரி நடுப்பகுதி ஆகிவிடும்.

மனது கண்டிப்பாக மாறும். வெளியிட்ட வரிசையை அழித்துத் திருத்தாதீர்கள். அதன் அடியிலேயே தேதி போட்டு, எது ஏறியது, எது இறங்கியது, ஏன் என்று இரண்டு வரி சேருங்கள். தப்பவிட்ட ஆல்பம் பின்னால் கையில் கிடைத்தால் அடுத்த ஆண்டுப் பட்டியலில் நுழைக்க வேண்டாம், அது எந்த ஆண்டோ அந்தப் பட்டியலின் அடியில் ‘பிறகு கேட்டது’ என்று எழுதிவிடுங்கள்.